குறுகலான வாசல், திரும்பும் பாசேஜ்: பீரோவும் சோபாவும் கட்டிலும் உள்ளே போகும் வழி

"மூணடி வாசல்" என்று வீட்டுக்காரர் சொன்னால், அது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் இரண்டரை இன்ச் நிலைக்கால் போக, சாமான் நுழையக் கிடைப்பது 31 இன்ச்தான். கதவு 90 டிகிரியோடு நின்று சுவரில் இடித்தால் கதவுப் பலகை ஒரு இன்ச்சைத் தின்னும். கைப்பிடியும் தாழ்ப்பாளும் நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு இன்ச் போகும். கடைசியில் மிஞ்சுவது 28 இன்ச். 34 இன்ச் ஆழமுள்ள சோபாவைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டால் பயனில்லை.

ஆனால் பெரும்பாலான சாமான்கள் வாசலில் மாட்டுவதில்லை. வாசலுக்கு முன்னால் இருக்கும் திருப்பத்தில்தான் மாட்டுகின்றன. வாசல் அளவை மட்டும் பார்த்துவிட்டு "போயிடும்" என்று சொல்பவர்கள் பாசேஜில் சாமானைத் திருப்ப முடியாமல் நிற்பார்கள். நம் அடுக்குமாடி வீடுகளில் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் பாசேஜ் பெரும்பாலும் 3 முதல் 3½ அடி. அதன் பக்கச் சுவரில்தான் அறை வாசல் இருக்கும். அதாவது நேராக வந்து, 90 டிகிரி திரும்பி நுழைய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் திருப்பத்தைச் சமாளிப்பது பற்றித்தான்.

முதலில் டேப்பை எடுங்கள்

5 மீட்டர் டேப் ஒன்று போதும். அளக்க வேண்டியது சுவருக்குச் சுவர் இல்லை. வழியில் எங்கே மிகக் குறுகலோ அங்கே. தரை ஓரத்து ஸ்கர்ட்டிங், சுவிட்ச் பெட்டி, மீட்டர் பெட்டி, செருப்பு அலமாரி, மாடிப்படியின் கைப்பிடி ஆகியவை ஆளுக்கு ஓர் இன்ச் எடுத்துக்கொள்ளும். தச்சர்கள் நூல் கணக்கில் அளப்பார்கள். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். நீங்களும் அப்படியே எழுதுங்கள். "சுமார் 31" என்று எழுதிய இடத்தில் உண்மையில் 30 இன்ச் 4 நூல் இருந்தால், அந்த அரை இன்ச்தான் பிறகு வம்பு செய்யும்.

தெருவிலிருந்து தொடங்கி இந்த வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்: வெளிக் கேட், லிஃப்ட் அல்லது மாடிப்படி, வீட்டு வாசலில் இருக்கும் கிரில் கேட், முன்கதவு, பாசேஜ், அறைக் கதவு. கிரில் கேட்டைப் பலரும் மறந்துவிடுவார்கள். மடக்கு கேட் என்றால் முழுதாகத் திறந்தாலும் மடிந்த கம்பிகள் 4 முதல் 6 இன்ச் வரை ஓரத்தில் அடைத்துக்கொண்டு நிற்கும். கொசுவலைக் கதவு தனியாக இருந்தால் அதுவும் அப்படித்தான்.

உயரத்தையும் விடாதீர்கள். 7 அடி நிலை என்றால் உள் உயரம் 81 இன்ச். பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தால் அது 79 அல்லது 80 ஆகியிருக்கும். முன்வாசலில் வாசப்படி இருந்தால் இன்னும் குறையும். வழக்கமான இரும்பு பீரோவின் உயரம் 78 இன்ச். நடுவில் இருப்பது இரண்டு விரல் இடைவெளி.

சாமானில் நான்கு அளவு எடுக்க வேண்டும்: நீளம், ஆழம், உயரம், குறுக்களவு. முதல் மூன்றும் கடைச் சீட்டிலேயே இருக்கும். நான்காவது சோபாவுக்கு மட்டும் தேவைப்படுவது. யாரும் எழுதித் தரமாட்டார்கள். சோபாவைப் பக்கவாட்டில் பாருங்கள். சாய்மானத்தின் உச்சியிலிருந்து கை வைக்கும் பகுதியின் முன் நுனிவரை நேரான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். பின்பக்கக் கீழ் மூலையிலிருந்து அந்தக் குச்சிக்குச் செங்குத்தாக அளந்தால் வருவதே குறுக்களவு. சோபாவைச் சாய்த்து நுழைக்கும்போது வாசலில் தேவைப்படும் அகலம் இதுதான். சாய்மானம் ஒல்லியாகவும் கைகள் தாழ்வாகவும் இருந்தால் இது சோபாவின் உயரத்தைவிட ஒன்றிரண்டு இன்ச் குறையும். தடித்த சாய்மானம் உள்ள சோபாவில் ஒரு லாபமும் இருக்காது.

திருப்பத்துக்கு ஒரு கணக்கு

இரண்டு பக்கமும் ஒரே அகலமுள்ள பாசேஜ் 90 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசேஜின் அகலத்தை 2.83 ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து சாமானின் தடிமனை இரண்டு மடங்காக்கிக் கழியுங்கள். கிடைப்பதுதான், தரைக்கு இணையாகத் தூக்கிச் செல்லும்போது அந்தத் திருப்பத்தில் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம். இரண்டு பக்க அகலமும் வேறு வேறாக இருந்தால் சிறியதை வைத்துக் கணக்கிடுங்கள். தவறினாலும் நல்ல பக்கமாகத் தவறும்.

78 இன்ச் நீளம், 36 அகலம், 19 ஆழம் உள்ள பீரோவை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் நிறுத்தித் தூக்கினால் தடிமன் 19. பாசேஜ் 3 அடி என்றால் 36 × 2.83 = 102; அதில் 38 போனால் 64. பீரோ 78. திரும்பாது. பாசேஜ் 3½ அடி என்றால் 119 − 38 = 81. உரசிக்கொண்டு திரும்பும். 4 அடி என்றால் 98 வரும்; தாராளம்.

கால் கழற்றிய சோபா 28 இன்ச் தடிமன், 78 இன்ச் நீளம் என்றால் 3 அடி பாசேஜில் 46தான் வருகிறது. 4 அடியிலேயே 80. தப்பித்தோம் பிழைத்தோம் என்றுதான் திரும்பும்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் வழி எளிமையானது. 3 அடி பாசேஜில் நீளமான எதையும் படுக்கப்போட்டுத் திருப்ப முடியாது; நிமிர்த்தித்தான் திருப்ப வேண்டும். நிமிர்த்திவிட்டால் அந்த 78 இன்ச் மேலே போய்விடும். கீழே தரையில் மிஞ்சுவது பீரோவுக்கு 36 × 19 இடம்தான். 10 அடி கூரை உள்ள வீட்டில் மேலே ஏராளமான இடம் சும்மா கிடக்கிறது.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் பழைய செய்தித்தாளை ஒட்டி, சாமானின் நீளத்துக்கும் தடிமனுக்கும் சரியாக வெட்டி, தரையில் தள்ளிக்கொண்டே பாசேஜைச் சுற்றி வாருங்கள். மடங்காமல் தாள் திரும்பினால் சாமானும் திரும்பும். கடைக்குப் போகும் முன்பே செய்து பார்க்கலாம். பணம் கட்டிய பிறகு செய்வதைவிட நிம்மதியானது.

கழற்றக்கூடியதைக் கழற்றுங்கள்

தேவைப்படும் கருவிகள்: நடுத்தர, பெரிய ஸ்க்ரூ டிரைவர் தலா ஒன்று, 10 மற்றும் 13 எண் ஸ்பேனர், 4, 5, 6 எண் ஆலன் கீ, சுத்தியல், பிளேடு. கூடவே இரண்டு பழைய கம்பளி, நான்கு சாக்கு, பெரிய அட்டைப்பெட்டிகள், 5 மீட்டர் பருத்திக் கயிறு, கையுறை. கழற்றிய நட்டு போல்ட்டைப் போட மூடும் பிளாஸ்டிக் கவர்களும் வேண்டும். ஒவ்வொரு கவரிலும் எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி, அந்தந்தச் சாமானிலேயே ஒட்டிவிடுங்கள். "எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டுக்கலாம்" என்பவர் அடுத்த வாரம் ஆடும் கட்டிலில்தான் படுப்பார்.

கதவு: நிலையில் இரண்டு இன்ச்கூட மிச்சம் இல்லாவிட்டால் கதவைக் கழற்றுவதே சிறந்தது. கால் மணி நேர வேலை. நம் ஊர்க் கதவுகளில் கீலின் ஊசி பெரும்பாலும் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அதை உருவப் பார்க்காமல் நிலையில் இருக்கும் திருகுகளைக் கழற்றுங்கள். கதவைப் பாதி திறந்து, அடியில் மரத்துண்டோ மடித்த அட்டையோ செருகி முட்டுக் கொடுங்கள். கீழ்க் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்ற வேண்டும். மேலே முதலில் கழற்றினால் கதவின் முழு எடையும் கீழ்க் கீலை முறுக்கி, மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கடைசித் திருகைக் கழற்றும்போது ஒருவர் கதவைப் பிடித்தே இருக்க வேண்டும். சாதாரண ஃப்ளஷ் கதவே 30, 40 கிலோ இருக்கும்; தேக்கு முன்கதவு அதற்கும் மேல்.

திருகின் பள்ளத்தில் பெயிண்ட் அடைத்திருந்தால் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுத் திருகுங்கள். அப்படியே திருகினால் தலை வழுக்கி மொட்டையாகிவிடும். அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது துளை தளர்ந்திருந்தால் மருந்துத் தலையை நீக்கிய தீக்குச்சி இரண்டைப் பசை தடவிச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, பசை காய்ந்ததும் முறுக்குங்கள். திருகு பிடித்துக்கொள்ளும்.

சோபா: கால்கள் பெரும்பாலும் கையாலேயே திருகிக் கழற்றக்கூடியவை. 4 இன்ச் கால் போனால் 32 இன்ச் உயரம் 28 ஆகிறது. 31 இன்ச் வாசலுக்கு அதுவே போதும். எடுக்கக்கூடிய மெத்தைகளை எடுத்துவிடுங்கள். சாய்மானம் தனியாகக் கழறுகிறதா என்று அடிப்பக்கத் துணியின் ஓரத்தைச் சற்று விலக்கிப் பாருங்கள். சில சோபாக்களில் அது இரண்டு மூன்று போல்ட்டில்தான் நிற்கும்.

பீரோ: உள்ளே ஒரு கைக்குட்டைகூட இருக்கக் கூடாது. வெறும் பீரோவே 70 முதல் 100 கிலோ வரும். தட்டுகளை எடுத்துவிட்டால் எடை குறையும், கடகடவென்ற சத்தமும் இருக்காது. லாக்கரைப் பூட்டுங்கள், கதவைப் பூட்டுங்கள், பிறகு சாவியைக் கண்டிப்பாக உருவி எடுங்கள். சாவியோடு சுவரில் இடித்தால் அது பூட்டுக்குள்ளேயே உடையும். பூட்டியிருந்தாலும் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். கண்ணாடி பதித்த கதவு என்றால் அதன்மேல் அட்டை வைத்துக் கட்டுங்கள்.

கட்டில்: பழைய தேக்குக் கட்டில்கள் தலைப்பலகை, கால்பலகை, இரண்டு பக்கச் சட்டம் என நான்காகப் பிரியும். பிரிக்கும் முன் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், கையால் செய்த கட்டிலில் இடது சட்டம் வலப்பக்கம் பொருந்தாது. அறைக்குள்ளேயே பிளைவுட்டை அறுத்து, பசை போட்டு, ஆணி அடித்துச் செய்த கட்டிலும் அலமாரியும் வேறு கதை. அவை அந்த வாசல் வழியாக வெளியே வரவே வராது. வீட்டிலேயே செய்யச் சொல்பவர்கள் போல்ட் போட்டு மூட்டும்படி தச்சரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாடகை வீடு என்றால் இது கட்டாயம்.

ஆட்களும் பேச்சும்

சோபாவுக்கு இரண்டு பேர் தூக்க, ஒருவர் வழி பார்க்க. பீரோவுக்கு நான்கு பேர். எத்தனை பேர் இருந்தாலும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். தூக்காமல் தள்ளி நின்று பார்க்கிறவரே "தூக்கு, நிறுத்து, சாய், இறக்கு" என்று சொல்ல வேண்டும். எதிரெதிராக நிற்பவர்களுக்கு இடது வலது மாறிப்போகும் என்பதால் "கிச்சன் பக்கம்", "ஜன்னல் பக்கம்" என்று சொல்லுங்கள். "நிறுத்து" என்ற சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னவுடன் எல்லோரும் நிற்க வேண்டும்.

வழியைக் காலி செய்து பெருக்குங்கள். டைல்ஸ் தரையில் ஒரு மணல் பருக்கை பீரோவின் அடியில் சிக்கினாலும் ஹால் நீளத்துக்குக் கோடு விழும். மிதியடிகளை எடுத்துவிடுங்கள். செருப்புப் போடாமல் தூக்காதீர்கள். பிடிப்புள்ள ஷூ இருந்தால் மேல். பீரோவின் அடித்தகடு விரலை அறுக்கும், அதனால் கையுறை வேண்டும். மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். நிமிர்த்தும் சாமானின் தலை எங்கே இருக்கிறது என்று தூக்குகிறவர்களுக்குத் தெரியாது.

பீரோவை அறைக்குள் கொண்டுபோவது

பாசேஜ் வரை நிமிர்ந்த நிலையிலேயே வந்தால் நல்லது. தரையில் இரண்டாக மடித்த கம்பளியை விரியுங்கள். இரண்டு பேர் பீரோவைப் பின்பக்கம் மூன்று விரல் அளவு சாய்க்க, மூன்றாமவர் கம்பளியை முன் அடியில் தள்ள வேண்டும். பிறகு முன்பக்கம் சாய்த்துப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது கம்பளியின் முன்முனையை ஒருவர் இழுக்க, மற்ற இருவர் பீரோவின் கீழ்ப்பாதியில் கை வைத்துத் தள்ள வேண்டும். உயரத்தில் கை வைத்துத் தள்ளினால் கவிழும். நான்காமவர் மேற்பகுதியில் கை வைத்து ஆடாமல் பார்த்துக்கொள்வார்.

வாசலுக்கு வந்ததும் பீரோவின் 19 இன்ச் பக்கம் அறையைப் பார்க்கும்படி திருப்புங்கள். பீரோவுக்கு அருகில் இருக்கும் நிலைக்காலை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். முன்மூலை நிலையைத் தாண்டியதும் பின்மூலையைப் பாசேஜின் எதிர்ச்சுவர் ஓரமாகச் சுற்றிக் கொண்டு வாருங்கள். நிலைக்கால்களில் அட்டை ஒட்டியிருந்தால் பாலிஷ் பிழைக்கும்.

வாசப்படி குறுக்கிட்டால் கம்பளி வேலைக்கு ஆகாது. முன்பக்கத்தைச் சற்றே தூக்கிப் படியைத் தாண்டவைத்து, பிறகு பின்பக்கம். தாண்டும் நேரத்தில் உயரமும் கூடும் என்பதால் மேலே நிலையில் தட்டுகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். வாசப்படிமேல் பீரோவை நிறுத்தி இளைப்பாற வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்த எடை தாங்காமல் படியின் விளிம்பு சிலும்பும் என்பது இன்னொரு காரணம்.

சோபா: கொக்கி போட்டு நுழைப்பது

பாசேஜ் நேராக இருந்து அதன் முடிவில் வாசல் என்றால் கவலையில்லை. சோபாவை முதுகுப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் அகலம் 28, உயரம் 34. நீளவாக்கில் நேராகப் போய்விடும்.

பக்கச் சுவரில் வாசல் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. வாசலுக்கு அருகில், சோபாவை ஒரு கைப்பகுதி தரையில் இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். கீழே அட்டை போடுங்கள். நீளம் நிலையின் உள் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் இந்த வழி.

2. மேலிருந்து பார்த்தால் சோபா இப்போது 'ட' எழுத்து மாதிரி இருக்கும்: ஒரு கோடு சாய்மானம், இன்னொரு கோடு உட்காரும் பகுதி. அந்த எழுத்தின் உள்மூலைக்குள் வாசலின் நிலைக்கால் வர வேண்டும். இதுதான் சூட்சுமம்.

3. சாய்மானத்தின் உச்சி விளிம்பை முதலில் வாசலுக்குள் விடுங்கள். நிலைக்கால் சோபாவின் மடிக்குள் வந்து உட்காரும்வரை தள்ளுங்கள்.

4. அங்கே நிறுத்தி, நிலைக்காலைச் சுற்றி சோபாவைத் திருப்புங்கள். சாய்மானம் அறைக்குள் போய்ச் சுவருக்கு இணையாகும். உட்காரும் பகுதி பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வரும். தள்ளுவதைவிடத் திருப்புவது அதிகமாக இருக்க வேண்டும்.

5. முழுதாக உள்ளே வந்ததும் இரண்டு பேர் மேல்முனையைத் தாங்கி மெதுவாகப் படுக்கவையுங்கள். அறைக்குள் அந்த 78 இன்ச் விழ இடம் இருக்கிறதா என்பதை முன்பே பார்த்திருக்க வேண்டும். கட்டிலை முதலில் போட்டுவிட்டு சோபாவைக் கொண்டுவந்தால் அது நின்றபடியே நிற்கும்.

துணி சோபா நிலையில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் நிலைக்காலில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள், வழுக்கும். பஞ்சு உள்ள பக்கம் அரை இன்ச், ஒரு இன்ச் அமுங்கிக் கொடுக்கும். கைப்பகுதிக்குள் மரச்சட்டம் இருப்பதால் அது கொடுக்காது.

84 இன்ச் சோபா 81 இன்ச் நிலையில் நிமிர்ந்து போகாது; 3 அடி பாசேஜில் படுத்துத் திரும்பவும் செய்யாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டாகப் பிரியும் சோபாவோ, இருவர் அமரும் சோபா இரண்டோ வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆள் பலத்தால் இதைச் சரிசெய்யலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மேசை, மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்

சாப்பாட்டு மேசையின் கால்கள் கழறாவிட்டால் பலகை செங்குத்தாக நிற்கும்படி பக்கவாட்டில் சாய்த்து, முதல் இரண்டு கால்களை உள்ளே விட்டு, நிலைக்காலைச் சுற்றித் திருப்புங்கள். சோபாவில் செய்த அதே கொக்கிதான். கண்ணாடி மேசை என்றால் கண்ணாடியைத் தனியே எடுத்து, எப்போதும் விளிம்பில் நிறுத்தியே தூக்க வேண்டும். படுக்கைவாக்கில் தூக்கினால் வளைந்து உடையக்கூடும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி 5 அடிக்கு 3 அடி என்றால் 40 கிலோவுக்கு மேல்.

இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டலாம். தென்னை நார் மெத்தையை மடித்தால் உள்ளே விரிசல் விட்டு, அந்த இடம் பள்ளமாகிவிடும். ஸ்பிரிங் மெத்தையை விளிம்பில் நிறுத்தி லேசாக வளைக்கலாம், மடிக்கக் கூடாது.

ஃபிரிட்ஜை நிமிர்ந்தே கொண்டுபோங்கள். படுக்கவைக்க வேண்டி வந்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். நிறுத்திய பிறகு குறைந்தது 4 மணி நேரமாவது விட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். நீண்ட நேரம் படுத்திருந்தது என்றால் ஒரு ராத்திரி விடுங்கள். பக்கம் பக்கமாக இரண்டு கதவுள்ள பெரிய ஃபிரிட்ஜ்கள் 36 இன்ச் அகலம் வரும்; ஆழப்பக்கமாகத் திருப்பினால்தான் 31 இன்ச் வாசலில் நுழையும். அதற்கும் கைப்பிடியைக் கழற்ற வேண்டியிருக்கலாம். கதவையே கழற்றும் நிலை வந்தால் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். கீல் வழியாக வயர் போகும் மாடல்கள் உண்டு.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில், வாங்கியபோது பின்னால் இருந்த நீண்ட டிரான்சிட் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டிய பிறகே நகர்த்துங்கள். மாட்டாவிட்டால் உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் டிரம் ஆடி அடித்து இணைப்புகளை உடைக்கும். உள்ளே எடைக்கல் இருப்பதால் பார்வைக்குத் தெரிவதைவிட நல்ல கனம். 60, 70 கிலோ சாதாரணம்.

லிஃப்டும் மாடிப்படியும்

6 பேர் லிஃப்ட் 408 கிலோ, 8 பேர் லிஃப்ட் 544 கிலோ என்று பலகையில் எழுதியிருக்கும். எடை பிரச்சினையாகாது, இடம்தான் பிரச்சினை. 6 பேர் லிஃப்டின் உள்பக்கம் பெரும்பாலும் 43 இன்ச்சுக்கு 39 இன்ச், கதவு 27½ இன்ச். 8 பேர் லிஃப்டில் 51-க்கு 43, கதவு 31½. கதவின் உயரம் இரண்டிலும் 78½ இன்ச்சை ஒட்டியே இருக்கும். 78 இன்ச் பீரோ நிமிர்ந்து நுழைய அரை இன்ச்தான் மிச்சம். உங்கள் லிஃப்டை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒருவர் கதவு திறக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கதவுச் சட்டத்தின் கீழ்ப்பட்டைமேல் அட்டை போடுங்கள். பீரோவின் முழு எடையும் அதில் இறங்கினால் நெளியும், பிறகு லிஃப்ட் கதவு மூடாது. குடியிருப்போர் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வழியில் சண்டை வராது.

மாடிப்படி 3 அடி அகலம் என்றால் கைப்பிடி போக 33 இன்ச். பீரோவைப் பின்பக்கமாகப் படுக்கவைத்தால் 36 இன்ச்; போகாது. விளிம்பில் நிறுத்தி, 19 இன்ச் அகலமாக்கித் தூக்குங்கள். வலுவானவர்கள் கீழே நிற்க வேண்டும். சாய்வில் பீரோவின் எடை கீழ்ப்பக்கம்தான் சாயும். மேலே இருப்பவர் பெரும்பாலும் வழிகாட்டி இழுப்பவர்தான். கீழே தாங்குகிறவர்களுக்குப் பின்னால் படியில் யாரும் நிற்கவே கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

லேண்டிங்கில் மேலே சொன்ன கணக்குதான்: படுத்தபடி திரும்பாது. லேண்டிங் வந்ததும் நிமிர்த்தி நிறுத்துங்கள், மூச்சு வாங்குங்கள், நின்ற நிலையில் திருப்புங்கள், மறுபடி சாய்த்து அடுத்த வரிசைக்குப் போங்கள். அனுபவமுள்ள லோடுமேன்கள் நிமிர்த்தாமல் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கிச் சுற்றுவார்கள். அதை வீட்டு ஆட்கள் முயலக் கூடாது. கை வழுக்கினால் பீரோ படிக்கூண்டுக்குள் விழும்.

சுழல் படிக்கட்டு என்றால் பீரோவும் சோபாவும் அந்த வழியில் இல்லை. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றுவதுதான் மிச்சம். அதற்குக் கூலிக்கு ஆள் வையுங்கள். மேலே இழுக்க மூன்று நான்கு பேர், கீழிருந்து சுவரில் மோதாமல் பக்கக் கயிறு பிடிக்க இரண்டு பேர், நடுவில் முடிச்சு அவிழாத கட்டு, எல்லாம் வேண்டும். பால்கனிக்கு முன்னால் மின்கம்பி போனால் அந்த வழியையே மறந்துவிடுங்கள். பால்கனியில் கிரில் இருந்தால் அது போல்ட்டில் நிற்கிறதா, வெல்டிங்கா என்று முதலில் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால்

எல்லோரும் செய்யும் தவறு இன்னும் பலமாகத் தள்ளுவது. தள்ளத் தள்ள ஆப்பு மாதிரி இறுகும். சுவர்ப் பூச்சு பெயரும், நிலை ஆடும். நிறுத்துங்கள். கடைசியாகச் செய்த அசைவை அப்படியே பின்னோக்கிச் செய்யுங்கள். இடம் கிடைத்ததும் ஒரு தாளை எடுத்து சாமானுக்கும் நிலைக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். தாள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. பெரும்பாலும் அது ஒரே ஒரு புள்ளி: கழற்றாமல் விட்ட தாழ்ப்பாள், கீலின் முனை, சோபாவின் ஒரு கால், கதவை நிறுத்தும் காந்தக் கட்டை. அதை நீக்கினால் அதே சாமான் ஒருவர் தள்ளிப் போகும்.

முட்டுவது மரமும் மரமுமாக இருந்து, அரை இன்ச்சுக்கு மேல் இடம் போதவில்லை என்றால் அன்றைக்கு அந்த வழியாகப் போகாது. ஹாலில் வைத்துவிட்டு, கழற்ற வேறென்ன இருக்கிறது என்று தச்சரிடம் காட்டுங்கள்.

உள்ளே போன பீரோவின் கதவு சரியாக மூடவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தரை ஒரே மட்டமாக இல்லை, அவ்வளவுதான். எந்தப் பக்கக் கதவு தாழ்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்து முன்மூலைக்கு அடியில் இரண்டு நூல் தடிமனுள்ள பிளைவுட் துண்டைச் செருகிப் பாருங்கள். அட்டையை வைத்தால் மழைக்காலத்தில் ஊறி அமுங்கிவிடும்.